புள்ளியில் தோற்றவர்

ஜனவரி 12, ஞாயிறு

டொக்டர் சொன்னபடியால்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். என் மனுசனுக்கு எது எப்போது மறக்கிறது என்று திகதி போட்டுக் குறித்துவரட்டாம். ஞாபகசக்திக் கிளினிக்கில் இடம் கிடைக்கும்போது உதவுமாம். இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அது அவருக்கே தெரியாதாம்.

மறந்தது: தேத்தண்ணி குடித்தது. மகள் ஆரணி வேலை கிடைத்து பேர்மிங்காமுக்குப் போய்விட்டது. குளியலறைப் பைப்பைப் பூட்டுவது.

மறக்காதது: முப்பது வருடத்துக்கு முன் கார்டிஃபில் ஒருவன் நாலாம் ரவுண்டில் எந்தக் கையால் விலாவில் குத்தினான் என்பது. இடது கை.

டொக்டர் கேட்டது இவ்வளவுதான். மிச்சத்தை என் பாட்டுக்கு எழுதுகிறேன். வீட்டில் கதைக்க ஆள் குறைந்துவிட்டது.

பின்னேரம் குலசேகரம் அண்ணை ஒரு பை முருங்கைக்காயோடு வந்தார். குரொய்டனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர். அந்த மனுசன் முருங்கைக்காய் கொண்டுவந்தால் பின்னால் ஏதோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். மார்ச் முதலாம் திகதி கழகத்தின் வெள்ளிவிழாவாம். “தம்பி பராவை நாங்கள் கௌரவிக்கவேணும். பிரித்தானியாவில எங்கட முதல் குத்துச்சண்டை வீரன். பொன்னாடை, கேடயம், விழா மலரில ரெண்டு பக்கம்” என்றார், இவரைக் காட்டி. முதல் ஆளா, ஐந்தாவது ஆளா என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? இருந்தாலும் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நான் தேத்தண்ணி போட எழும்பிக் குசினிக்குப் போனேன். திரும்பி வரும்போது மற்ற விசயமும் முடிந்துவிட்டது. விழாவில் ஒரு காட்சிப் போட்டி. மூன்று ரவுண்ட். இவருக்கும் குலசேகரம் அண்ணையின் மகன் நிரோஜனுக்கும். நிரோஜனுக்கு இருபத்திரண்டு வயது. வருகிற மே மாதம் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இறங்குகிறான்.

இவருக்கு ஐம்பத்தேழு. “ஓமெண்டு சொல்லிப்போட்டனப்பா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ நாள். அதனால் குலசேகரம் அண்ணையின் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 13, திங்கள்

இவர் எப்பேர்ப்பட்ட சாம்பியன் என்று எனக்கல்லவா தெரியும்.

இந்த நாட்டுக் குத்துச்சண்டையில் இரண்டு வகை ஆட்கள். ஒருவன் ஊர்ப் பிள்ளை. அவனுடைய மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் டிக்கெட் வாங்கிவந்து கத்துவார்கள். அவன் வெல்லவேண்டும், தோற்றால் அடுத்தமுறை ஒருவரும் வரமாட்டார்கள். அவன் வெல்வதற்கு எதிரே ஒருவன் வேண்டுமே. அதுதான் என் மனுசன். வியாழக்கிழமை போன் வரும். சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவார். ஊர்ப் பிள்ளைக்கு எதிர் மூலையில் நிற்பார். நாலு ரவுண்ட் நடக்கும். சின்னச் சண்டைகளில் மத்தியஸ்தர் ஒருவர்தான் புள்ளி போடுவது. கடைசியில் அவரே ஊர்ப் பிள்ளையின் கையைத் தூக்கிவிடுவார். இவர் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். ஞாயிறு மத்தியானம் என்னோடு இருந்து ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிடுவார், சொண்டு வீங்கியபடி.

ஒரேயொரு விதி: விழக்கூடாது. அடி தாங்கவில்லை என்று மத்தியஸ்தர் சண்டையை நிற்பாட்டினால், பிறகு சில கிழமைக்கு ரிங்கில் ஏற விடமாட்டார்கள். ஆகவே தோற்பது தொழில். விழாமல் தோற்பது கெட்டித்தனம். இருபது வருடத்தில் இருநூற்றைந்து சண்டை. பன்னிரண்டு வெற்றி, ஆறு சமன். மிச்சமெல்லாம் புள்ளியில் தோல்வி. ஒன்றைக்கூட ஒருவரும் இடையில் நிற்பாட்டவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் இவருடைய கழுத்து கொஞ்சம் நிமிரும்.

பரராஜசிங்கம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையவில்லை. போஸ்டரில் ‘போல் சிங்கம், கொழும்புக் கிட்’ என்று போட்டார்கள், கொழும்புப் பெடியனாம். இவர் யாழ்ப்பாணத்துக் காரைநகர். கொழும்பில் நின்றது விமானம் ஏற முன் மூன்று நாள், அதுவும் லொட்ஜ் அறையை விட்டு வெளியே வராமல்.

நான் ஒரு சண்டைக்கும் போனதில்லை. நான் பார்க்க மாட்டேன் என்றேன், இவர் வரவேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் இவர் வீட்டில் இல்லை. மழையில் ஓடப் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தபால்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வீதி தள்ளி, யாரோ வீட்டுப் படலையடியில் நின்றாராம்.

“பாதை மாறிப்போச்சுது” என்றார். பதினாறு வருடமாக இருக்கிற வீடு.

ஜனவரி 17, வெள்ளி

ஆரணியின் அறையில் படுக்கத் தொடங்கிவிட்டேன். இவருடைய குறட்டை தாங்க முடியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

மூளை ஸ்கான் முடிவு.

டொக்டர் இளம் பெண். படத்தைக் கணினியில் காட்டினாள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லியதாக ஒரு கோடு. பழைய இரத்தமாம். மூளையும் வயதுக்கு மிஞ்சிச் சுருங்கியிருக்கிறதாம். எத்தனை முறை நினைவு தப்பி விழுந்திருக்கிறீர்கள் என்று இவரைக் கேட்டாள்.

“ஒருக்காலும் இல்லை” என்றார். கழுத்து நிமிர்ந்தது.

சண்டையில் விழவில்லை, சரி. கிழமை நாட்களில் பெரிய வீரர்களுக்குப் பயிற்சிக்கு அடி வாங்கப் போவாரே, அதை யார் எண்ணினார்கள்? அங்கிருந்து வரும்போது பஸ்ஸில் வழி தவறிக் கடைசித் தரிப்பிடம்வரை போய் இருந்துவிட்டு வந்த நாட்கள் எனக்குத் தெரியும். நான் அதைச் சொன்னேன். இவர் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

இனிமேல் தலையில் ஒரு அடிகூடப் படக்கூடாது என்று டொக்டர் சொன்னாள். சும்மா விளையாட்டுக்கு என்றாலுமா என்று கேட்டேன். விளையாட்டு என்று மூளைக்குத் தெரியாது என்றாள்.

காரில் வரும்போது, “ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதப்பா. சத்தியம் பண்ணும்” என்றார்.

“என்னத்தை?”

“என்ர மண்டையைப் பற்றி. சனம் விசரன் எண்டு கதைக்கும்.”

“அப்ப அந்தப் போட்டி வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

சீற் பெல்ற்றை இழுத்து இழுத்து விட்டார். பிறகு சொன்னார்: “இருநூற்றைஞ்சு தரம் ஏறியிருக்கிறன். ஒருநாளும் எனக்கெண்டு ஒருத்தரும் வந்து கத்தேல்லை. அந்த மண்டபத்தில ஐந்நூறு பேர் என்ர ஊராக்கள் இருப்பினம். ஒருக்கா. ஒரேயொருக்கா.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஓம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

பெப்ரவரி 2, ஞாயிறு

குலசேகரம் அண்ணை மலரில் வரப்போகிற கட்டுரையைப் போனுக்கு அனுப்பினார். தலைப்பு: ‘இருநூற்றைந்து களங்களில் வெற்றிக்கொடி நாட்டிய வேங்கை.’ இவர் கொழும்புக் கிட்டாக இருந்ததே போதாதென்று இப்போது வேங்கை.

உடனே போன் எடுத்தேன்.

“அண்ணை, இருநூற்றைஞ்சு சண்டைதான். வெற்றி இல்லை. வெண்டது பன்னிரண்டு.”

“தங்கச்சி, உங்களுக்கு எப்பவும் அடக்கம்.”

“அடக்கம் இல்லை அண்ணை. நூற்றி எண்பத்தேழு தரம் தோத்தவர்.”

“தோல்வியை ஆர் மலரில போடுறது? பிள்ளையள் வாசிக்கிறது. அதோட அச்சுக்கும் போயிட்டுது.”

எங்கள் ஆட்களுக்கு விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது. இவரோ விழவேயில்லை. அந்த ஒரு உண்மையைச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சரி, போடட்டும் என்று வைக்கப் போனேன். அப்போதுதான் சொன்னார்:

“நிரோஜனுக்கு வடிவாச் சொல்லிப்போட்டன். காட்சிப் போட்டி எண்டு தடவிக்கொண்டு நிக்காத, சாம்பியனோட ஏறுறாய், அடிச்சு விழுத்து எண்டு. இருநூற்றைஞ்சு வெண்டவரை விழுத்தினவன் எண்டால் மே மாசம் அவனுக்கு எப்பிடிப் பேர் வரும் பாருங்கோ. தம்பி பராவுக்கு இதெல்லாம் ஒரு தூசு.”

போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்தும் எழும்ப முடியவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

வேலை. பள்ளிக்கூடக் குசினியில் இன்றைக்கு இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல். கூட வேலை செய்கிற பெண்கள் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அலுமாரிக் கதவு என்று சொன்னேன். எங்கள் வீட்டு அலுமாரிக் கதவு சரியாகப் பூட்டுப்படுவதில்லை, உண்மைதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மறந்தது: ஆரணியின் பெயர். போனில் அவள் ‘அப்பா’ என்கிறாள், இவர் ‘ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை’ என்று சமாளிக்கிறார். கெட்டிக்காரன். முன்னும் இப்படித்தான் நாலு ரவுண்ட் சமாளித்தார்.

உடுப்பு மடித்துக்கொண்டே கடைசி முயற்சியாகச் சொல்லிப் பார்த்தேன். “அவன் உண்மையா அடிக்கப்போறான். தகப்பன் சொல்லிக் குடுத்திருக்கிறார்.”

“அடிக்கட்டுமன். அடி படாமல் நிக்கிறதுதான் என்ர தொழில்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு காலுறையைச் சுருட்டி உருண்டையாக்கி இவருடைய இடது பக்கத்தால் எறிந்தேன். காதடியில் பட்டது. இவர் வலது பக்கம் திரும்பி, “ஆரது?” என்றார்.

இன்னொரு முறை எறிந்தேன். இன்னொரு முறையும் வலது பக்கம்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான் எறியவில்லை. குனிந்து அந்தக் காலுறைகளைப் பொறுக்கினேன். கடவுளே, இந்த மனுசனை ஐந்நூறு பேருக்கு முன்னால் சாகடிக்கப் போகிறார்கள், அதற்குப் பொன்னாடையும் போர்த்தப் போகிறார்கள்.

ஆரணிக்கு எடுத்து அழுதேன். “அம்மா, போய்ச் சொல்லுங்கோ, வேற வழி இல்லை” என்றாள். அப்பாவுக்குத் தலையாட்டிச் செய்த சத்தியம் இருக்கிறதே என்றேன். “அப்பாவுக்கு அந்தச் சத்தியம் ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டாள். இருக்காது. எனக்கு இருக்கிறதே.

பெப்ரவரி 15, சனி

நிரோஜன் பழகுகிற இடத்தைக் கண்டுபிடித்துப் போனேன். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு பழைய கராஜ். வியர்வையும் தோலும் நாறுகிற இடம். இவருடைய பையில் வருடக்கணக்காக நான் மணந்த அதே நாற்றம்.

நிரோஜன் மரியாதையான பிள்ளை. “அன்ரி, வாங்கோ” என்று கதிரை போட்டான். பயிற்சியாளர் டெனிஸ் என்கிற வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போல் சிங்கத்தின் மனைவி என்று சொன்னதும் அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அவருடைய முதல் சண்டையே இவரோடுதானாம். வயது பத்தொன்பது. ஊர் முழுக்க வந்திருந்தது. மூன்றாம் ரவுண்டில் மூச்சு முட்டி, கை தூக்க ஏலாமல் போய்விட்டது. இவர் ஒரு குத்து விட்டிருந்தால் முடிந்திருக்கும். விடவில்லை. கட்டிப்பிடித்து, மத்தியஸ்தருக்குத் தெரியாமல் காதுக்குள், ‘மூக்கால் மூச்சை இழு, அவசரப்படாதே, இன்னும் ஒரு நிமிசம்தான்’ என்று சொல்லிக்கொண்டே நின்றாராம். பிறகு நாலாம் ரவுண்டில் எப்படித் தலையைக் காப்பது என்று அடித்து அடித்துக் காட்டினாராம். டெனிஸ் புள்ளியில் வென்றார். தகப்பன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம்.

“என்னை மாதிரி எத்தனையோ பேர்” என்றார். “இரண்டு பேர் பிறகு பிரித்தானியப் பட்டம் வென்றார்கள். அவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நாங்கள் எல்லாரும் சண்டை பிடிக்கப் பழகியது அவருடைய விலாவில்.”

முப்பத்திரண்டு வருடம் கூட இருந்து சமைத்துப் போட்டிருக்கிறேன். இந்த மனுசன் ஒரு சொல் சொன்னதில்லை. தோற்றுப்போய் வந்தார் என்றே நான் நினைத்தேன். நானும் அந்த மலரைப் போலத்தான் பிழையாகக் கணக்கு வைத்திருக்கிறேன், மறுபக்கமாக.

பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நூற்றி எண்பத்தேழு தோல்வி. பழைய இரத்தம். இடது பக்கம் தெரியாதது. எல்லாம். டெனிஸ் நிரோஜனைப் பார்த்தார். நிரோஜன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, “அன்ரி, அப்பா இப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு அங்கிள் சாம்பியன் எண்டுதான் தெரியும்” என்றான். அவனுடைய முகம் சிவந்துவிட்டது. “நான் தொடமாட்டன் அன்ரி. சும்மா ஆடிக் காட்டுறன். அவருக்கும் சந்தோசமா இருக்கும்.”

எனக்கு ஆசை வந்தது. உண்மையாகவே ஆசை வந்தது. மூன்று ரவுண்ட், ஒன்றும் படாமல், ஐந்நூறு பேர் கத்த.

டெனிஸ்தான் வேண்டாம் என்றார். கால் தடுக்கி விழுந்தாலும் அதே மண்டைதான். அதோடு, பாவம் பார்த்து ஆடினால் அவருக்கு ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். அதைத்தானே அவர் இருபது வருடம் மற்றவர்களுக்குச் செய்தார்.

போட்டி இல்லை என்று முடிவாயிற்று. பஸ்ஸில் மேல்தட்டுக்குப் போய் இருந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

பெப்ரவரி 17, திங்கள்

குலசேகரம் அண்ணை போனில் குதித்தார். “டிக்கெட் எல்லாம் குடுத்தாச்சு. என்ர பிள்ளைக்கு முன்னாலயே என்னைப் பொய்யனாக்கிப் போட்டியள்.” நான் மன்னிப்புக் கேட்டேன். பொய்யை நான் எழுதவில்லை, இருந்தாலும் கேட்டேன். பொன்னாடை மட்டும் போர்த்துவார்களாம். “தம்பிக்கு நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

சொல்லவேண்டும்.

பெப்ரவரி 21, வெள்ளி

கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறார். இன்றைக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி, விரதம். இன்றைக்கும் சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே கையில் துணி சுற்றிவிட்டார். விரல்களுக்கு நடுவே போட்டு, மணிக்கட்டைச் சுற்றி, ஒரு பிழையும் இல்லாமல். ஆரணியின் பெயர் மறந்த மனுசன். அந்தக் கையோடு இடியப்பம் சாப்பிட முடியாது என்று நான் தீத்திவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன். “வடிவாச் சனம் வருமென்ன?” என்று கேட்டார். “வரும்” என்றேன்.

மண்டபத்துக்குள் போனதும் ரிங் எங்கே என்று தேடினார். மேடையில் குத்துவிளக்கும் கதிரைகளும்தான். பேச்சுக்கள், சின்னப் பிள்ளைகளின் நடனம், இன்னும் பேச்சுக்கள். பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். குலசேகரம் அண்ணை ‘இருநூற்றைந்து களம் வென்ற வேங்கை’ என்று தொடங்கினார். சனம் கைதட்டியது. ஒரு சிலர் எழும்பியும் நின்றார்கள். இவர் துணி சுற்றிய இரண்டு கையையும் தூக்கினார். ஐந்நூறு பேர், ஊராட்கள். இவருடைய முகத்தை அப்போது பார்த்தேன். அந்த இடத்திலேயே விட்டிருக்கக்கூடாதா?

குலசேகரம் அண்ணை விடவில்லை. டிக்கெட்டுக்குப் பதில் சொல்லவேண்டுமே. “எங்கட வீரனுக்கு இண்டைக்கு மூளையில வருத்தம். அதனால காட்சிப் போட்டி நடக்காது எண்டதை மனவருத்தத்தோட அறியத் தாறம்” என்று ஒலிவாங்கியில் சொன்னார். மண்டபம் முழுக்க ‘ச்சூ’ என்றது. கைதட்டல் நின்றுவிட்டது. பொன்னாடையைப் போர்த்தினார்கள். இவர் அதற்குள் கையைத் தூக்கியபடியே நின்றார். முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நிரோஜன் மேடைக்கு ஓடிவந்து இவருடைய கையை மெதுவாக இறக்கிவிட்டான்.

பொன்னாடையோடேயே காரில் ஏறினார். பிறகு கேட்டார்.

“நீர் சொன்னனீரோ?”

“ஓம்.”

“இருவது வருசம் ஒருத்தனும் என்னை நிப்பாட்டேல்லை. நீர் நிப்பாட்டிப்போட்டீர்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். கையிலிருந்த துணியை அவிழ்க்க விடவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பேசவில்லை. சாப்பிடவில்லை. நானும்.

மார்ச் 3, திங்கள்

காலையில் பையை அடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். “எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?”

“எங்க?”

“என்னப்பா, சண்டைக்கு.”

கோபம் போய்விட்டது. மேடை போய்விட்டது. எல்லாம் போய், போட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் மடைச்சி, உண்மையைச் சொன்னேன். போட்டி இல்லை, உங்களுக்குச் சுகமில்லை, நான்தான் வேண்டாமென்றேன் என்று. புதிதாகக் கேட்பதுபோல் கேட்டு, புதிதாக உடைந்துபோனார். சுவரில் குத்தினார்.

மார்ச் 5, புதன்

பை. வாசல். அதே கேள்வி. அதே பதில். அதே அழுகை.

வேலைக்கு லீவு சொன்னேன். கை வீங்கியிருக்கிறது, என்னுடைய கை. அலுமாரிக் கதவு.

மார்ச் 7, வெள்ளி

ஆரணி வந்து நின்றுவிட்டுப் போனாள். என்னுடைய கையைப் பார்த்தாள். அலுமாரிக் கதவையும் போய்ப் பார்த்தாள். “அம்மா, அப்பாவை வைச்சுப் பாக்கிற ஹோம் ஒண்டு பாப்பம்” என்றாள். பார்க்கமாட்டேன் என்றேன். “ஒவ்வொரு விடியவும் இதையே சொல்லி அவரையும் சாகடிச்சு நீங்களும் சாகிறியள்” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

மார்ச் 8, சனி

இன்றைக்குப் பொய் சொன்னேன். “சண்டை நேற்று முடிஞ்சுது. நீங்கள் வெண்டிட்டியள்.”

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். பயந்துபோனார். “நான் எப்பிடி வெண்டனான்? அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது? அடிபட்டுப் போட்டானோ?” என்று பதறி, போன் எடுத்து விசாரிக்கச் சொல்லி, மத்தியானம் வரை என்னை விடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பையோடு வாசலில் நின்றார்.

“சண்டை நேற்று முடிஞ்சுதப்பா” என்றேன்.

“என்ன மாதிரி?”

“புள்ளியில தோத்திட்டியள்.”

என்னை உற்றுப் பார்த்தார். “எத்தினை புள்ளி?”

“ஒண்டு.”

“விழுந்தனானோ?”

“இல்லை.”

“சனம் வந்ததோ?”

“ஐந்நூறு பேர். உங்கட பேரைச் சொல்லித்தான் கத்தினவை.”

பையைக் கீழே வைத்தார். “அப்ப சரி” என்று வந்து மேசையில் இருந்து நாலு துண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மார்ச் 20, வியாழன்

பொய்யில் நன்றாகத் தேறிவிட்டேன். இப்போது ரவுண்ட் ரவுண்டாகச் சொல்கிறேன். இரண்டாம் ரவுண்டில் பெடியனுக்கு மூச்சு வாங்கியது, நீங்கள் கட்டிப்பிடித்துக் காதுக்குள் ஏதோ சொன்னீர்கள் என்றேன். “அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது” என்று வெட்கப்பட்டார். ஒரு சண்டையும் பார்க்காதவள் நான். இப்போது தினமும் காலையில் ஒரு சண்டை பார்க்கிறேன், தினமும் இவர் தோற்கிறார், தினமும் சாப்பிடுகிறார். போதும்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. செப்டெம்பரில் இடம் இருக்கிறதாம். குறிப்புகளைக் கொண்டுவரட்டாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பையைத் தூக்கவில்லை. கேள்வியை மட்டும் கேட்டார், அதுவும் பாதி. “முடிஞ்சுதோ?” என்றார். எது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்குக் கேட்கவேயில்லை.

தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். வெயில் நன்றாக எறித்தது. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. நானாகவே தொடங்கினேன்.

“நேற்று தோத்தாச்சு” என்றேன். “புள்ளியிலதான்.”

திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல அமைதியான, மரியாதையான முகம், புது ஆளைப் பார்ப்பதுபோல.

“ஆர் தோத்தது?”

ஆறிய தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். “நான்தான்” என்றேன்.

எட்டி என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

“நீங்கள் விழுந்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப சரி” என்று என் முதுகில் தட்டினார்.